கல்யாணக் கேசட்டில் இல்லாத பாட்டு

என் மகள் ஜெபாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மஸ்கட்டிலிருந்து போன் செய்து அழுதாய். நான் "சரி, சரி, வை" என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பக்கத்து வீட்டுக் கூடத்தில் அவர்கள் குடும்பமே தட்டைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நடுவில் நின்று அவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் எவ்வளவுதான் அழ முடியும்? "யம்மா, நம்ம பாட்டு இல்லம்மா, வேற எதையோ போட்டு வச்சிருக்கான்" என்று நீ சொன்னது மட்டும் காதிலேயே கிடக்கிறது. எனக்கு முன்னமே தெரியும். உனக்கு அனுப்பிய கல்யாண வீடியோ கேசட்டின் இன்னொரு பிரதி நம் வீட்டுக்கும் வந்தது. புது வீட்டில் போய் இறங்கிய பிள்ளை அழக்கூடாதே என்று நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடி என்ன பிரயோசனம், நீ அங்கே, கூட வந்திருக்கிற மாமியாரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டாய்.

கேசட்டைப் பார்த்த மறுநாளே ஜங்ஷனுக்குப் போய் அந்த வீடியோ கடையில் ஏறினேன். அந்தப் பையன் மரியாதையான பையன்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கலர் வாங்கிவரச் சொல்லி, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். "டீச்சர், அந்த வயலின் சத்தத்துல ஃபேன் எரைச்சலும் பிள்ளைங்க அழுகையும் கலந்து கெடந்துச்சு. அதான் அத எடுத்துட்டு நல்ல இங்கிலீஷ் டியூனாப் போட்டு விட்டேன். எல்லா வேதக்காரங்க சர்ச் கல்யாணத்துக்கும் நாங்க அதத்தான் போடுதோம்" என்றான். எனக்கு நல்லது செய்துவிட்ட பெருமை அவன் முகத்தில். முதலில் எடுத்த டேப்பைக் கொடு என்றேன். "அது மேலயே பேட்டையில வேற ஒரு கல்யாணம் எடுத்தாச்சே டீச்சர்" என்றான். அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்த வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யாமல் கலரைக் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். நாம் ஆலயத்துக்குள் வந்ததற்கு இருந்த ஒரே சத்தம் அது, ஜெபா. அது போய்விட்டது.

ஆகவே நடந்ததை எழுதி வைக்கிறேன். உன் பக்கத்துக் கதை உனக்குத் தெரியும். என் பக்கம் தெரியாது. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் நான் கணக்கு நோட்டைத் திருத்துகிற மாதிரி சரி, தப்பு என்று இரண்டு வார்த்தையில் முடித்தே பழகிவிட்டேன். இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பைய வாசி.

என் கல்யாணக் கதையை உங்கள் அப்பா சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிய பெண் நான். ஒரு செருப்பு சாதாரணச் செருப்பு, மற்றது கட்டை வைத்து உயர்த்திய செருப்பு. மணப்பெண் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் எல்லார் கண்ணும் பார்க்க நடந்து வர வேண்டும் என்பதை நினைத்து என் அப்பா எத்தனை நாள் உறங்காமல் கிடந்தாரோ. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மணி அடித்து சனம் வருவதற்கு முன்னாலேயே பக்கத்துக் கதவு வழியாக என்னைக் கூட்டிப்போய் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். ஆர்கன் வாசிக்கிறவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. மணவாளன் வந்து நின்றதும் அவர் வழக்கமான இங்கிலீஷ் பாட்டை முழக்கத் தொடங்கினார். சபை முழுவதும் எழுந்து வாசல் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே ஒருவரும் இல்லை. பாட்டு முடிகிற வரைக்கும் ஆள் இல்லாத நடைபாதையை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு நல்லதாப் போச்சு, நான் வாரதுக்கு முன்னாலயே ஒங்கம்மா வந்து எடம் பிடிச்சு உக்காந்துட்டா" என்று உங்கள் அப்பா சொல்லும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். நல்ல மனுஷன், என்னைச் சிரிக்க வைத்தே அதைத் தாண்ட வைத்தார். ஆனால் நீ மட்டும் சிரிக்க மாட்டாய். சோற்றைப் பிசைந்துகொண்டு என் காலைப் பார்ப்பாய். பிள்ளைக்கு வேடிக்கை புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் அப்பா இறந்துபோன பிறகு, உனக்கு நிச்சயம் முடிந்து பூ வைத்த அன்று, நீ பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாய்: "யம்மா, கோயிலுக்குள்ள நீதான் என்னக் கூட்டிட்டுப் போணும்." நான் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டேன். "கோட்டி பிடிச்சிட்டாட்டி ஒனக்கு? பெரியப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காவ, நான் எதுக்கு?" என்றேன். நான் அத்தான் என்கிற உன் பெரியப்பாவும் அங்கேதான் இருந்தார்கள். போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், போன தம்பியின் ஸ்தானத்தில் நின்று உன்னைக் கொண்டுபோய் விடுவது தன் கடமை என்று வெள்ளைச் சட்டை எல்லாம் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். மீசையைத் தடவிக்கொண்டு, "நாம வேதக்காரங்க, தாலி அறுத்தவ முன்னால வரக்கூடாதுன்னெல்லாம் நாம சொல்ல மாட்டோம். இருந்தாலும் மாப்பிள்ள வீட்டுல நாலு பேரு பேசுவாவல்லா?" என்றார்கள். அந்த நாலு பேரை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விதவை என்பதால் அம்மா ஒதுங்குகிறாள் என்று எல்லாரும் நம்பட்டும், அது கௌரவமான காரணம் அல்லவா? உள்ளே இருந்த காரணம் வேறு. அந்தக் கல் தரையில் என் கட்டைச் செருப்பு 'டொக், டொக்' என்று விழுகிற சத்தத்துக்கு ஐந்நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் அப்பா எதிலிருந்து என்னைக் காப்பாற்றினாரோ, அதில் நானே போய் விழ எனக்குத் தைரியம் இல்லை.

பாட்டு விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சந்தேகமே இல்லை. "எங்க ஊரு நாசரேத்துல பொண்ணு வந்தா ஆர்கன்ல அந்த இங்கிலீஷ் டியூன்தான் மதினி, அதக் கேட்டாத்தான் கல்யாணம் மாதிரி இருக்கும்" என்று உன் மாமியார் சொன்னாள். நானும் சரி என்றேன். நீ மட்டும், "பாட்ட நான் பாத்துக்கிடுதேன் அத்தை" என்றாய். அதிலிருந்து நம் வீட்டில் ஒரே கேசட் மயம். கல்லூரிப் பேராசிரியர் வீட்டிலிருந்து வெள்ளைக்காரர்களின் சாஸ்திரீய சங்கீதமாக அள்ளிக்கொண்டு வந்தாய். வயலின் கூட்டம், பியானோ, எக்காளம், என்னென்னவோ. எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. நீயோ ஒவ்வொன்றாக "இது வராது" என்று நிறுத்தினாய். கேட்கிறவள் பெட்டியைப் பார்த்தாவது கேட்க வேண்டாமா? தரையையே பார்த்துக்கொண்டிருப்பாய். "யம்மா, அந்தக் கொழம்புச் சட்டிய மேசைல கொண்டு வையேன்" என்பாய். வைத்தால், கொஞ்ச நேரத்தில் "அடுப்படிக்கே எடுத்துட்டுப் போயேன்" என்பாய். "ஏட்டி மூதி, ப்ளவுஸ் தைக்கக் குடுக்கல, அழைப்புக் குடுக்க ஊரு பாதி கெடக்கு, இங்கன உக்காந்து என்னையும் கொழம்பையும் ஊர்வலம் விடுத?" என்று கத்தியது நினைவிருக்கிறதா?

ஒரு நாள் மத்தியானம் பெட்டியை அடியோடு நிறுத்திவிட்டாய். நான் சோற்றுப் பானையோடு வந்துகொண்டிருந்தேன். நீ மேசை விளிம்பில் விரலால் தட்டினாய். என் கட்டைச் செருப்பு விழும்போது 'தகிட', நல்ல கால் விழும்போது 'தகதிமி'. நான் மேசைக்கு வந்து சேருகிற வரைக்கும் அது பிசகவில்லை. நீ நிமிர்ந்து பார்த்தாய், கண்ணெல்லாம் நீர். "யம்மா, இந்தப் பாட்டுல எல்லாம் பாதி நாலுல போவுது, பாதி மூணுல போவுது. ஒங்காலு ரெண்டுலயும் சேரல. நீ நடக்கது மூணும் நாலுமா ஏழு. மிஸ்ர சாப்பு. சின்னப் பிள்ளையில வயலின் கிளாஸ்ல இந்தத் தாளம் எனக்கு மட்டும் ஒடனே வந்துச்சு, வாத்தியார் எப்படின்னு கேட்டாவ. எனக்கே இப்பந்தான் தெரியுது" என்றாய்.

மூன்றும் நாலும் ஏழு என்று எனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். "என் நொண்டிக்கு நீ தாளம் போடுதியாட்டி?" என்று கேட்டுவிட்டுப் பானையை வைத்த வேகத்தில் சோறு சிதறியது. சாயங்காலம் வரைக்கும் உன்னோடு பேசவில்லை. அந்தக் கோபம் எதற்கு என்று இப்போது சொல்கிறேன். என் வாழ்நாளில் எல்லாரும் என் காலைப் பார்க்காத மாதிரியே பார்த்தார்கள். அது அவர்கள் மரியாதை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செருப்புச் சத்தம் கேட்டதும் நோட்டைத் திறந்துகொள்வார்கள், நான் உள்ளே வந்தால் முகத்தை மட்டும் பார்ப்பார்கள். உங்கள் அப்பாகூட அரை அடி பிந்தி நடந்து, ரோட்டைத்தான் பார்ப்பார். நீ ஒருத்திதான் நேராகப் பார்த்து எண்ணியவள். எண்ணிவிட்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றும் சொன்னாய். அன்பாக இருந்தாலும் அதை உடனே வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை, மகளே.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. வாயை மூடிக்கொண்டு, பெரியப்பாவோடே நடக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, அந்த ஏழுத் தாளத்திலேயே ஒரு பாட்டை வைத்துக்கொண்டாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு ஆலயத்துக்குப் போனோம். உன்னோடு படித்த மைதிலி வயலினோடு வந்திருந்தாள், அவள் மாமா மிருதங்கத்தோடு. ஆர்கன் அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏழா? யம்மா, வெள்ளக்காரன் இந்தப் பெட்டிக்கு நாலுதான் படிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார். "நீங்க ஒரே ஒரு கட்டைய அமுக்கிப் பிடிச்சிக்கிடுங்க அண்ணாச்சி, அதான் சுருதி, அது போதும்" என்றாய். "ஒரு கட்டைய அமுக்கவா என்னக் குளிச்சு முழுகி வரச் சொன்ன?" என்று முனகினார். ஆனாலும் அமுக்கிப் பிடித்தபோது ஜெபத்தில் இருக்கிறவர் மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய பெட்டி தம்புரா மாதிரி மெல்ல நின்று ஒலிக்க, மைதிலி ஆனந்தபைரவியை எடுத்தாள். நாம் ஞாயிறுதோறும் பாடுகிற கீர்த்தனைகளில் இல்லாத ராகமா அது? ஆனாலும் சொல் இல்லாமல், வெறும் வயலினில், அந்த உயரமான கூரைக்குக் கீழே கேட்டபோது நெஞ்சை என்னவோ செய்தது. நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். முப்பது வருஷம் லெஃப்ட் ரைட் போட்ட கால். நாலு எட்டு வைப்பதற்குள் பாட்டு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நின்று, திரும்ப வாசலுக்குப் போய், மீண்டும் புறப்பட்டார்கள். இந்தத் தடவை உன் சேலையையே மிதித்துவிட்டார்கள். "ஏ, நிப்பாட்டுங்கவே!" என்று ஸ்டேஷனில் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். அவர்கள் சிரிக்கவில்லை. என்ன நினைத்தார்களோ, திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்புறம் என் காலை, மறைக்காமல் பார்த்தார்கள். "இது எனக்கு அளவெடுத்துத் தச்ச சட்ட இல்ல. யாருக்குத் தச்சதுன்னு இப்பந்தான் தெரியுது. ஏம்மா டீச்சர், எந்தி" என்றார்கள்.

"அத்தான், மாப்பிள்ள வீட்டுல..." என்று நான் இழுத்தேன். "மாப்பிள்ள வீட்டுல கேட்டா எனக்கு முட்டு வலின்னு சொல்லிக்கிடுதேன். எந்திம்மா. தம்பி இருந்தா அவனே இதத்தான் சொல்லிருப்பான்" என்றார்கள். சொல்லிவிட்டு முகத்தைத் துடைக்கிற மாதிரி துண்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டார்கள். நீ கையை நீட்டிக்கொண்டு நின்றாய். நான் எழுந்தேன்.

அன்று அந்தக் காலி ஆலயத்தில் நடந்ததைத்தான் நான் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் எட்டில் செருப்பு 'டொக்' என்றது. நான் கூசிப்போய் நிற்கப் பார்த்தேன். நீ விடவில்லை. அடுத்த எட்டு, அடுத்த எட்டு. மைதிலியின் மாமா என் காலையே பார்த்து வாசித்தார். கொஞ்ச தூரம் போனதும் அந்த முதல் அட்சரத்தை மிருதங்கத்தில் தட்டாமல் விட்டுவிட்டார். அந்த இடத்தில் என் செருப்பு விழுந்தது. அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் அது சரியாகப் போய் விழுந்தது, ஜெபா. எந்தச் சத்தத்துக்குப் பயந்து இத்தனை வருஷம் ஓரமாக நடந்தேனோ, அது இல்லாவிட்டால் பாட்டில் ஒரு குறை இருக்கும் என்று ஆகிவிட்டது. பீடத்துக்கு முன்னால் போய் நின்றதும் நான் அழுதேன். நீ நினைத்த மாதிரி மகளைப் பிரிகிற அழுகை இல்லை அது. முன்பு ஆள் இல்லாமல் வாசித்து முடிந்த பாட்டுக்கு இப்போதுதான் நான் வந்து சேர்ந்தேன் என்ற அழுகை.

மறுநாள் நடந்தது உனக்கே தெரியும். சனம் நிறைந்திருந்தது, திரும்பிப் பார்த்தார்கள், நான் செத்துவிடவில்லை. "இதென்ன கச்சேரி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நாசரேத்துக்காரர்களுக்காக, நீயும் மாப்பிள்ளையும் வெளியே போகும்போது அண்ணாச்சி அந்த இங்கிலீஷ் பாட்டை, ஒரு கட்டையை அமுக்கின ஆத்திரம் தீர, முழு மூச்சில் வாசித்தார். உன் மாமியாரும் சந்தோஷப்பட்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை. பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மதினி, எங்கம்மைக்கும் கடைசில காலு வராமப் போச்சு, அவளக் கூட்டத்துக்கு வெளிய கொண்டுவராமலே வச்சிருந்தோம்" என்று மட்டும் சொன்னாள். அவளிடம் நல்லபடியாக இரு.

புத்தி சொல்லாமல் கடிதம் முடித்தால் டீச்சர் கடிதம் ஆகாது, அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வேகமாக நடக்கிறவர். கல்யாணத்துக்கு மறுநாள் ஆற்றங்கரைக்குப் போனபோதே பார்த்தேன், நீ பின்னால் ஓடிக்கொண்டிருந்தாய். மூச்சு வாங்க ஓடாதே, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிடவும் செய்யாதே. "பைய நடங்க" என்று வாய்விட்டுச் சொல். சொல்வதற்கு முன்னால், எனக்குச் செய்ததை அவருக்கும் செய். சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடக்கவிட்டு, அவர் நடை எத்தனை என்று பார். ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒரு காலில் கட்டைச் செருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவருடையது எது என்று நீ கண்டுபிடித்தால் கேலி செய்யாதே, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யாதே.

இப்போது கேசட் விஷயம். மாப்பிள்ளை அடுத்த லீவுக்கு வரும்போது மைதிலியைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, அதைப் பதிவு செய்து, கேசட்டில் சேர்த்துத் தருகிறேன் என்று சொன்னதாகச் சொன்னாய். நல்ல மனசு அவருக்கு. ஆனால் வேண்டாம். ஏன் என்று கேள்.

நேற்று மத்தியானம் மனசு கேட்காமல் அந்தக் கேசட்டைத் திரும்பப் போட்டேன். அந்த இங்கிலீஷ் டியூன் 'டம், டம்' என்று போக, நான் அதற்கு ஒவ்வாமல் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இதையா நீ மஸ்கட்டில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பார்த்தாய்? எழுந்து போய் டி.வி.யில் சத்தத்தை அடியோடு குறைத்தேன். குறைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. அன்று நான் பீடத்தைப் பார்த்து நடந்தேன், உன்னைப் பார்க்கவில்லை. வெள்ளைப் பட்டும் தலையில் நெட்டு முக்காடும் கையில் பூச்செண்டுமாக நீ என் பக்கத்தில் வருகிறாய். நான் நொண்டுகிற மாதிரியே நீயும் நொண்டுகிறாய். ஒரு எட்டு குறுகல், ஒரு எட்டு நீளம். வாசலிலிருந்து பீடம் வரைக்கும், ஊரே பார்க்க, நல்ல இரண்டு கால் வைத்திருக்கிற என் பிள்ளை என்னைப் போல நடந்து வருகிறாள்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தான் உள்ளே வந்தார்கள். "என்ன டீச்சர், படம் ஓடுது, சத்தத்தக் காணல?" என்றார்கள். "உக்காந்து பாருங்க அத்தான், வரும்" என்றேன். அவர்களும் உட்கார்ந்தார்கள். படத்தையே பார்த்தார்கள். அப்புறம் அவர்கள் விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது, முதலில் தப்பாக, பிறகு சரியாக. தகிட தகதிமி. நம் கால் நாலும் அதில்தான் வந்துகொண்டிருந்தன.

நீயும் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார், தாயே. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

உன் அம்மா
பாளையங்கோட்டை